ஞானஸ்நானம் வாங்கின அடிமைக்கு ஏன் விடுதலை கிடைக்கலை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கரையோரமா இறங்கினதைப் பத்திப் போன தடவை பேசினோம். அதை ஒட்டி ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், கிறிஸ்தவர் அல்லாதவங்களை நிரந்தர அடிமையாக்கலாம்னு போப் அனுமதி கொடுத்தார்னு சொன்னீங்க. அப்படின்னா அந்த அடிமை ஞானஸ்நானம் வாங்கிட்டா விடுதலை ஆகணும்ல? லூதர் சீர்திருத்தத்துக்கு அப்புறமாவது அது மாறுச்சா?"

இதே கேள்வியை 1600-கள்ல அடிமைகளே கோர்ட்டுக்குப் போய்க் கேட்டிருக்காங்க. அவங்க கேட்டதாலதான் சட்டத்தையே மாத்தி எழுத வேண்டியதாச்சு. அதனால கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

முதல்ல கத்தோலிக்கப் பக்கம். போப் ஐந்தாம் நிக்கோலஸ் 1452-லயும் 1455-லயும் போர்த்துக்கல் மன்னருக்குக் கொடுத்த ஆணைகள்தான் நீங்க சொல்ற அனுமதி. அதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, பிடிபடும்போது அவன் யார்ங்கிறதுதான் கணக்கு. பிடிபட்ட நாள்ல அவன் கிறிஸ்தவன் இல்லைன்னா அடிமைத்தனம் செல்லும். அதுக்கப்புறம் மதம் மாறினா ஆத்துமாவுக்கு நல்லது, அவ்வளவுதான். விதிவிலக்கும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டுல, இன்னைக்கு ஸ்பெயின்ல இருக்கிற காஸ்டில் ராஜ்ஜியத்தோட சட்டத் தொகுப்புல, யூதர்கிட்டயோ முஸ்லிம்கிட்டயோ இருக்கிற அடிமை கிறிஸ்தவனா மாறினா விடுதலைன்னு இருக்கு. எஜமானன் கிறிஸ்தவனா இருந்தா அந்தச் சலுகை கிடையாது! இப்படிப்பட்ட விதிகள் இருந்ததாலதான் "மாறினா விடுதலை"ங்கிற பேச்சு ஐரோப்பாவுல சாகாம ஓடிக்கிட்டே இருந்துச்சு.

போர்த்துக்கீசியருக்கு இதுல பயமே இல்லை. மன்னர் மனுவேல் காலத்துச் சட்டம், மேற்கு ஆப்பிரிக்கக் கரையான கினியாவிலேருந்து வாங்கின அடிமைக்கு ஆறு மாசத்துக்குள்ள ஞானஸ்நானம் கொடுக்கணும்னு எஜமானனுக்குக் கட்டளையே போட்டுச்சு. நடைமுறையில அது எப்படி இருந்துச்சுன்னு தென் அமெரிக்காவுல, இன்னைய கொலம்பியாவுல இருக்கிற கார்த்தஹேனா துறைமுகத்துல வேலை செஞ்ச இயேசு சபைப் பாதிரியார் அலோன்சோ தெ சாந்தோவால் 1627-ல வந்த தன் புத்தகத்துல எழுதியிருக்கார். ஆப்பிரிக்காவுல அங்கோலாவோட லுவாண்டா துறைமுகத்துல கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி கைதிகளைக் கூட்டமா நிறுத்துவாங்க. உன் பேர் பேத்ரோ, உன் பேர் ஹுவான்னு சொல்லி, மறந்துடாம இருக்க அந்தப் பேரை எழுதின துண்டுச் சீட்டைக் கையில கொடுப்பாங்க. நாக்குல உப்பு, தலையில தண்ணி, முடிஞ்சது. என்ன நடந்துச்சுன்னு பலருக்குப் புரியவே இல்லை. அதனால இந்த ஞானஸ்நானம் செல்லுமா, திரும்பக் கொடுக்கணுமாங்கிறதுதான் சாந்தோவாலோட கவலை. கப்பல்ல ஏத்தினது சரியாங்கிறது அவருக்குப் பெரிய பிரச்சனையாத் தெரியலை. எனக்கு அந்தப் புத்தகத்துல உறுத்துற இடம் அதுதான்.

சரி, லூதர். கத்தோலிக்கச் சபையை எதிர்த்து அவர் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச 1517 மட்டும் போதாது, 1525-க்கு வரணும். அந்த வருஷம் மார்ச் மாசம் தெற்கு ஜெர்மனியில, மெம்மிங்கன் ஊர்ல, குடியானவங்க பன்னிரண்டு கோரிக்கை எழுதினாங்க. அதுல மூணாவது, கிறிஸ்து தன் ரத்தத்தால எல்லாரையும் மீட்டுட்டார், அதனால நாங்க பண்ணையடிமைகளா இருக்க முடியாதுன்னு. கிட்டத்தட்ட உங்க கேள்விதான் இது. லூதர் என்ன பதில் சொன்னார்? கிறிஸ்தவ விடுதலையைச் சரீர விஷயமா ஆக்குறீங்க, ஆபிரகாமுக்கே அடிமைகள் இருந்தாங்களேன்னார். ஆத்துமா விடுதலை வேற, உடம்பு விடுதலை வேற. ஜெர்மன் பண்ணையாளுக்குச் சொன்ன அதே பதிலைத்தான் பின்னால அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கருக்கும் சொன்னாங்க.

ஆனா ஆங்கிலேயர் குடியேற்றங்கள்ல ஒரு சிக்கல் வந்துச்சு. ஸ்பெயின், போர்த்துக்கல் ரெண்டு இடத்துலயும் பழைய ரோமச் சட்டத்தை ஒட்டின அடிமைச் சட்டம் தயாரா இருந்துச்சு. இங்கிலாந்துல அப்படி ஒண்ணு இல்லை. வட அமெரிக்காவுல இருந்த ஆங்கிலக் குடியேற்றமான வர்ஜீனியாவுக்கு 1619-ல முதல் ஆப்பிரிக்கர்கள் வந்து இறங்கினப்போ, இவங்க ஆயுசுக்கும் அடிமையா, குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒப்பந்த ஆளான்னு தெளிவா எழுதி வைக்கலை. அந்த இடைவெளியிலதான் எலிசபெத் கீங்கிற பெண் நுழையறாங்க.

அப்பா தாமஸ் கீ, ஆங்கிலேயர், சட்டசபை உறுப்பினர். அம்மா ஆப்பிரிக்க அடிமை. அப்பா மகளை ஒன்பது வருஷ ஒப்பந்தத்துல ஒருத்தர்கிட்ட விட்டார். கை மாறிக் கை மாறி அவங்க கர்னல் ஜான் மாட்ரம் வீட்டுக்கு வந்துட்டாங்க. ஒப்பந்தக் கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு. 1655-ல மாட்ரம் செத்ததும் சொத்துக் கணக்கு எடுத்தவங்க இவங்களை அடிமைன்னு எழுதிட்டாங்க. இவங்க வழக்குப் போட்டாங்க. மூணு வாதம். ஒண்ணு, ஆங்கிலப் பொதுச் சட்டப்படி குழந்தைக்கு அப்பாவோட அந்தஸ்துதான். ரெண்டு, ஒப்பந்தக் காலம் முடிஞ்சுது. மூணு, நான் ஞானஸ்நானம் வாங்கினவ. சட்டசபைக் குழு எழுதின அறிக்கையில, இவங்க தன் விசுவாசத்தைப் பத்தி நல்லாவே சொல்லத் தெரிஞ்சவங்க, கர்னல் ஹிக்கின்சன் இவங்களுக்கு ஞானத்தகப்பன் (ஞானஸ்நானத்துல பொறுப்பேத்துக்கிறவர்)னு குறிச்சிருக்கு. கீழ் கோர்ட்டுல ஜெயிச்சு, அப்பீல்ல தோத்து, சட்டசபை வரைக்கும் போய், கடைசியில 1656-ல விடுதலை வாங்கிட்டாங்க.

இப்ப தோட்ட முதலாளிகள் என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. இந்த அம்மா நுழைஞ்ச வாசலை ஒவ்வொண்ணா அடைச்சாங்க. 1662-ல ஒரு சட்டம்: குழந்தைக்கு அம்மாவோட அந்தஸ்துதான். ஆங்கில வழக்கத்துக்கு நேர் எதிர். இதுல இன்னொரு லாபமும் இருக்கு. எஜமானனே அடிமைப் பெண்ணுக்குப் பிள்ளை கொடுத்தா அந்தப் பிள்ளையும் அவனுக்குச் சொத்து.

அடுத்து 1667. அந்த வருஷம் ஆகஸ்ட்ல பெர்னாண்டோங்கிற கறுப்பர் வர்ஜீனியாவுல லோயர் நார்ஃபோக் வட்டாரக் கோர்ட்டுக்கு வந்தார். நான் கிறிஸ்தவன், பல வருஷம் இங்கிலாந்துல இருந்தவன், சுதந்திர மனுஷனா வாழ்ந்ததுக்குக் கவர்னர்கள் கொடுத்த காகிதம் இருக்குன்னு நீட்டினார். போர்த்துக்கீச மொழியோ வேற எதுவோ, எங்களுக்குப் புரியலைன்னு எழுதி வச்சு வழக்கைத் தள்ளிட்டாங்க. படிக்க ஒருத்தரைத் தேடினதாத் தெரியலை. அவர் அப்பீல் போனார். அடுத்த மாசமே சட்டசபை சட்டம் போட்டுச்சு: ஞானஸ்நானத்தால ஒருத்தரோட அடிமைத்தனமோ சுதந்திரமோ மாறாது. காரணமும் அதுலயே எழுதியிருக்கு. இந்தச் சந்தேகம் தீர்ந்துட்டா எஜமானர்கள் கிறிஸ்தவத்தைப் பரப்புறதுல கூடுதல் அக்கறை காட்டுவாங்களாம்!

ஆனாலும் ஓட்டை அடைபடலை. 1670-ல ஒரு சட்டம், கப்பல்ல வர்ற கிறிஸ்தவர் அல்லாத வேலையாட்கள் ஆயுசுக்கும் அடிமைன்னு சொல்லுச்சு. அப்ப, வர்ற வழியிலயோ வேற தீவுலயோ ஞானஸ்நானம் வாங்கிட்டு வந்து இறங்குறவன்? அவன் கிறிஸ்தவன் ஆயிட்டானே. லுவாண்டாவுல துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பின ஆள் இங்க வந்தா சட்டப்படி அடிமை இல்லை. முதலாளிக்கு நஷ்டம். அதனால 1682-ல திருத்தினாங்க: முதன்முதலா விலைக்கு வாங்கப்பட்டப்போ அவனும் அவன் பெத்தவங்களும் பிறந்த நாடும் கிறிஸ்தவமா இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி, பிறகு மாறினது கணக்கில்லை. இப்ப அளவுகோல் நம்பிக்கை இல்லை, பிறந்த மண்ணும் பெத்த வயிறும்தான். அதை யாராலயும் மாத்திக்க முடியாதே. இனத்தை வச்சு அடிமைத்தனம்னு சொல்றோமே, அது யாரோ ஒருத்தர் தத்துவமா யோசிச்சு வந்ததில்லை. இப்படி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வந்தது.

சட்டம் வந்தப்புறம் எஜமானர்கள் வரிசையில நின்னு ஞானஸ்நானம் கொடுத்தாங்களான்னா, அதுவும் இல்லை. வேதம் சொல்லிக் கொடுக்க நேரம் போகும், ஞாயித்துக்கிழமை வேலை வாங்க முடியாது, படிக்கக் கத்துக்குவான், கர்வம் வந்துடும்னு ஆயிரம் சாக்கு. இன்னொரு ஆங்கிலக் குடியேற்றமான தென் கரோலினாவுல கூஸ் க்ரீக் சபையில இருந்த ஃபிரான்சிஸ் லெ ஜோ பாதிரியார் அதுக்கு ஒரு வழி பண்ணினார். ஞானஸ்நானம் கேட்டு வர்ற அடிமை சபை முன்னால உறுதிமொழி சொல்லணும்: எஜமானனுக்கு நான் பட்ட கடமையிலிருந்தும் கீழ்ப்படிதலிலிருந்தும் விடுபடுற எண்ணத்தோட இதைக் கேட்கலை, என் ஆத்துமா நன்மைக்காக மட்டும்தான் கேட்கிறேன். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்துலயே அடிமைப் பத்திரத்தைப் புதுப்பிக்கிற மாதிரி. அவரை அனுப்பின ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷன் சங்கமே கரீபியன் தீவான பார்படோஸ்ல காட்ரிங்டன் கரும்புத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். அங்க அடிமைகளோட மார்புல சங்கத்தோட பேரைச் சூடு போட்ட காலமும் உண்டு.

அடிமைகள் இந்தச் சட்டத்தையெல்லாம் ஒத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. லண்டன் பிஷப் எட்மண்ட் கிப்சன் 1727-ல, கிறிஸ்தவம் யாருடைய சொத்துரிமையையும் துளிகூட மாத்தாதுன்னு பகிரங்கக் கடிதமே எழுதினார். மூணு வருஷம் கழிச்சு, 1730-ல, ஞானஸ்நானம் வாங்கின அடிமைகளை விடுவிக்க ராஜா உத்தரவு போட்டுட்டார், இங்க உள்ளவங்கதான் மறைக்கிறாங்கன்னு வர்ஜீனியாவுல பேச்சு பரவி, நார்ஃபோக், பிரின்சஸ் ஆன் பகுதிகள்ல அடிமைகள் கூட்டமாத் திரண்டாங்க. தலைவர்களைத் தூக்குல போட்டுத்தான் அடக்கினாங்க.

கடைசியா டச்சுக்காரங்க. இது நம்ம கரைக்கும் சம்பந்தப்பட்டது. 1659-லிருந்து 1661 வரைக்கும் தஞ்சாவூர்ச் சீமையில பஞ்சம் வந்தப்போ, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்க ஆயிரக்கணக்கான பேரை விலைக்கு வாங்கிக் கப்பல்ல ஏத்துச்சு. தென்னாப்பிரிக்காவுல கேப் குடியேற்றத்துப் பதிவேடுகள்லயும் "கோரமண்டலக்காரன்" (சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவன்)ங்கிற அடையோட அடிமைகள் பேர் இருக்கு. அந்தக் கேப்ல நடந்தது வர்ஜீனியாவுக்குத் தலைகீழ். 1770-ல பத்தாவியாவுல (இன்னைய ஜகார்த்தா) இருந்த கம்பெனியோட ஆசியத் தலைமை நிர்வாகம், கிறிஸ்தவ அடிமையை விற்கக் கூடாதுன்னு விதி போட்டுச்சு. கேட்கக் கருணையாத்தான் இருக்கு. ஆனா விற்க முடியாத அடிமைக்குச் சந்தையில என்ன மதிப்பு? கடனுக்கு அடமானம் வைக்க முடியாது, ஏலத்துல விட முடியாது. அதனால எஜமானர்கள் அடிமைகளைச் சர்ச் பக்கமே அனுப்பலை. அதே ஊர்ல இஸ்லாத்துக்கு மாறினவங்க எண்ணிக்கை பெருகிக்கிட்டே போச்சு. கேப் ஆங்கிலேயர் கைக்கு வந்தப்புறம், 1812-ல, கிறிஸ்தவம் பரவ இந்த விதி இடைஞ்சலா இருக்குன்னு சொல்லியே அதை நீக்கினாங்க. அதுக்கப்புறம் ஞானஸ்நானம் வாங்கினவனையும் தாராளமா விற்கலாம்.