மழை பொய்க்கும், விதி பொய்க்குமா?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்துப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு முன்னால், ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருந்தவரின் மகன். இயற்கையை நாம் அன்றாடம் நம்புகிறோமே, அதுவும் சாமி நம்பிக்கையும் ஒரே சரக்குதானா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

மழை வராவிட்டால் 'மழை பொய்த்துவிட்டது' என்கிறோம். வாக்குக் கொடுத்தவன்தானே பொய்க்க முடியும்? மழை யாரிடம் வாக்குக் கொடுத்தது? யாரிடமும் இல்லை. ஆனாலும் நம் தமிழ் அதை வாக்குத் தவறியவனாகத்தான் பேசுகிறது.

காப்பிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மார்ச், ஏப்ரலில் வரும் முதல் மழையைப் பூமழை என்பார்கள். ஓர் அங்குலமாவது பெய்ய வேண்டும். பெய்தால் ஒன்பது, பத்து நாளில் மொட்டெல்லாம் ஒரே சமயத்தில் விரியும். காலையில் கதவைத் திறந்தால் சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகை போன்ற வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மூன்று நாள்தான் இந்த வைபவம். வெறும் தூறலோடு நின்றுவிட்டால் மொட்டு செடியிலேயே கருகிவிடும். ஆண்டுக் கடைசியில் பறிக்கப்போகும் பழத்தின் தலையெழுத்து அந்த ஒரு மழையில் இருக்கிறது. மார்ச் பிறந்ததும் அப்பா மழைமானியைக் கழுவித் துடைத்துத் திண்ணைக்கு எதிரே வைப்பார். கடன் வாங்கி உர மூட்டைகளையும் இறக்கிவிடுவார். மழை வரும் என்ற நம்பிக்கைக்கு அவர் கட்டிய பணம் அது.

இந்த மலையில் காப்பி வந்ததே அப்படி ஒரு நம்பிக்கையில்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் அதை இங்கே கொண்டுவந்தார். வேறு மண்ணில் வளர்ந்தது இந்த மண்ணிலும் வளரும் என்பதற்கு அன்று என்ன ரசீது இருந்தது?

ஓர் ஆண்டு பூமழை வரவில்லை. மூட்டைகள் அப்படியே கிடந்தன. 'வானம் பொய்த்துவிட்டது' என்றார் அப்பா. சேர்வராயன் கோயிலுக்கு ஏறிப்போனார். மலையுச்சியில் தாழ்வான குகைக்குள் இருக்கும் சாமி. நிமிர்ந்து நடந்து உள்ளே போக முடியாது. திரும்பி வந்து, 'நம்மிடம்தான் ஏதோ குறை' என்றார். மழை பொய்த்தது என்று சொன்ன அதே வாய், சாமி பொய்த்தது என்று சொல்லவில்லை. அப்போது நான் பி.எஸ்சி. மாணவன். உள்ளுக்குள் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஆசிரியரான பிறகு அடங்கியது. ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை. ஒரு மீட்டர் நூல், முனையில் குண்டு; இருபது அலைவுக்கு ஆகும் நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 வர வேண்டும். ஒரு பையனுக்கு 10.9 வந்தது. 'இன்றைக்கு ஈர்ப்பு கொஞ்சம் அதிகம்' என்று நான் சொல்வேனா? 'கடிகாரத்தை அழுத்தும்போது பூஜ்யம் என்று எண்ணினாயா, ஒன்று என்றா?' என்று கேட்டேன். ஒன்று என்று எண்ணியிருந்தான். பத்தொன்பது அலைவைத்தான் அளந்திருக்கிறான். குறை நம்மிடம்தான். சொல்லி முடித்ததும் அப்பாவின் குரல் காதில் விழுந்தது. (9.8 வரும்படி கணக்கைப் பின்னாலிருந்து போடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பக்தி வேறு ரகம்.)

'நாளைக்குச் செய்தாலும் 9.8 தான் வருமா, சார்?' என்று அவன் கேட்டான். வரும் என்றேன். இதுவரை அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனால் இதுவரை வந்தது இனியும் வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? மறுபடியும் 'இதுவரை ஏமாற்றவில்லை' என்பதுதான். செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்ற வேண்டியதுதான். 1748-இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதை அலசிவிட்டு, இது அறிவு காட்டும் வழி அல்ல, பழக்கம் இழுத்துப்போகும் வழி என்றார். நம் மணிமேகலையோ வேறு பக்கம் நின்று பேசுகிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். பதிலுக்கு நிரூபணம் எதையும் நீட்டவில்லை; நீயும் இப்படித்தான் வாழ்கிறாய் என்று காட்டிவிட்டுப் போகிறாள். எனக்கு அவள் பக்கம்தான் சாய்வு.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? வானத்தைப் பாருங்கள். யுரேனஸ் கணக்குக்குப் பிசகி ஓடியபோது, நியூட்டனின் ஈர்ப்பு விதி தவறு என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே சொல்லவில்லை. காணாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார். 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் பிசகியபோதும் அதே வைத்தியம்: இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்துத் தேடினார்கள், இல்லவே இல்லை. பிசகு நூறு ஆண்டுக்கு வெறும் 43 விகலை; ஒரு பாகையை 3600 கூறு போட்டால் ஒரு கூறுதான் விகலை. அதற்காக 1915-இல் ஐன்ஸ்டைனிடம் நியூட்டனின் விதியே இடம்கொடுக்க வேண்டியதாயிற்று. இம்முறை குறை விதியிடம்.

ஆனால் ஐன்ஸ்டைனும், புதன் தன் இஷ்டத்துக்குச் சுற்றுகிறது என்று சொல்லவில்லை. ஏதோ ஒரு விதி இருந்தே தீரும் என்ற அந்தக் கடைசிப் பிடி, என் கணக்கில், அப்பாவின் நம்பிக்கைக்கு உறவுக்காரன்தான். இயற்பியல் ஆசிரியன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். கோபித்துக்கொள்ளட்டும்.

பூமழை வராத அந்த ஆண்டுக்கு அடுத்த மார்ச்சிலும் அப்பா மழைமானியைக் கழுவி வைத்தார். சேர்வராயனுக்குக் கொண்டுபோகும் தேங்காயில் ஒன்றுகூடக் குறையவில்லை. உரத்தை மட்டும் மழை பெய்த பிறகுதான் வாங்கினார்.

நன்றி, வணக்கம்.