செம்புறாங்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளி

நேயர்களுக்கு வணக்கம். ஊர் மரபை மதிக்கிற பள்ளிக் கட்டடம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வாசலில் நாலு கல்தூண், மேலே ஒரு வளைவு. உள்ளே போனால் புழுங்கித் தள்ளும் கான்கிரீட் பெட்டி. கட்டட வடிவமைப்பில் இருப்பதால் எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அதனால் உங்களை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். நானே நேரில் போனதில்லை, படங்களையும் வரைபடங்களையும் பார்த்துத்தான் பேசுகிறேன்.

புர்க்கினா பாசோவில் கூடுகூ என்ற ஊரில் 2016இல் கட்டி முடித்த பள்ளி, லீசே ஷோர்ஜ். வடிவமைத்தவர் பிரான்சிஸ் கெரே. கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருதை 2022இல் பெற்றவர், அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். பிறந்த காண்டோ கிராமத்தில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வீட்டை விட்டுப் போய்ப் படித்தார். நூறு பிள்ளைகளுக்கு மேல் அடைந்து கிடந்த, இருட்டும் வெக்கையுமான வகுப்பறை அவருடையது.

அதே காண்டோவில் 2001இல் அவர் ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். களிமண்ணில் கட்டப்போகிறேன் என்றதும் ஊர்க்காரர்களுக்கு ஏமாற்றம். மண் சுவர் ஒரு மழைக்குத் தாங்காது என்பது அவர்கள் பட்ட பாடு. நியாயம்தானே? மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கற்கள், சுவரில் மழை படாதபடி நீண்டு இறங்கும் கூரை என்று பதில் சொன்னார் கெரே. மரபை அப்படியே தூக்கி வைக்கவில்லை, அதன் பலவீனத்தைச் சரிசெய்தார்.

கூடுகூவில் சுவர்கள் உள்ளூர்ச் செம்புறாங்கல். நம் புதுக்கோட்டைப் பக்கம் கிடைக்கிற அதே வகை: வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். கிராமத்து வீடுகளைப் போல ஒன்பது கட்டடங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. புழுதிக்காற்று உள்ளே வராது. ஒன்றில் பல் மருத்துவமனைகூட உண்டு! வகுப்பறைச் சூடு வெளியேற மேலே காற்றுக் கோபுரங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வெளிப்புறத் தட்டி. தைலமரக் கழிகளை வரிசையாக நிறுத்தி வகுப்பறைகளைச் சுற்றி நிழல் கட்டியிருக்கிறார். தைலமரம் நிலத்தை வறட்டுகிறது என்ற புகார் அங்கேயும் உண்டு. பெரும்பாலும் விறகாகப் போகிற மரம். அந்தத் தட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் நிழலில்தான் இடைவேளையில் பிள்ளைகள் உட்கார்ந்து பேசுகிறார்கள்.