பத்துக் குடம் தண்ணி, ஒரு கிரைண்டர், 27 அடி வீடு

(காட்சி: விடிகாலை. கல்லும் முள்செடியுமா ஒரு பாலைவெளி. வண்டி ஜன்னல் ஓரத்துல ஆவி பறக்கிற காபி டம்ளர்.)

வணக்கம். இப்ப மணி ஆறரை. இடம், அரிசோனாவுல குவார்ட்சைட். பின்னாடி தெரியுதே அந்த வெள்ளை மோட்டார்ஹோம், அதாவது சமையல் மேடை, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டி, அதுதான் எங்க வீடு. லீவுக்கு எடுத்தது இல்லை, வீடே அதுதான். பொண்ணு காலேஜ் போனதும் டெக்ஸாஸ்ல இருந்த வீட்டை வித்துட்டு நானும் அவரும் இதுல ஏறினோம். மூணு வருஷம் ஆச்சு.

எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "இவ்ளோ பெரிய வண்டியை எப்படிங்க ஓட்டுறீங்க?" ஓட்டறது ஒரு வாரத்துல பழகிடும். கஷ்டம் வேற இடத்துல இருக்கு. வீட்டுல குழாயைத் திறந்தா தண்ணி வருது, சுவிட்சைத் தட்டினா லைட் எரியுது, ஃப்ளஷ் பண்ணினா போயிடுது. எங்கேருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு யாரும் கேக்கிறதில்லை. இங்க அது அத்தனையும் வண்டிக்கு அடியில ஒரு டேங்க்லயோ பேட்டரியிலயோதான் இருக்கு. எவ்ளோ இருக்கு, எத்தனை நாள் வரும்? இந்த ரெண்டு கேள்வியோடதான் தினம் எழுந்திருக்கணும்.

நான் வில்லிவாக்கத்துல வளர்ந்தவ. லாரி வர்ற அன்னைக்கு குடத்தை வரிசையில போட்டு, மத்தியானம் வரைக்கும் நின்னு பிடிச்ச தண்ணி அது. இன்னைக்கு எத்தனை குடம்னு அம்மா வாசல்லயே கேப்பாங்க. இங்க வந்த முதல் மாசம் அவர் கேலன்ல கணக்குப் போட்டுத் திணறினாரு. நான் குடத்துக்கு மாத்தினேன். எங்க நல்ல தண்ணி டேங்க் 40 கேலன், அதாவது 150 லிட்டர். குடம் பதினஞ்சு லிட்டர்னு வச்சா பத்துக் குடம். அவ்ளோதான், புரிஞ்சுபோச்சு!

(காட்சி: சமையல் மேடை. சின்ன சிங்க். பாத்திரத்தைத் துடைக்கிற கை.)

பத்துக் குடம் எங்க ரெண்டு பேருக்கு ஆறு நாள் வருது. குளிக்கிறப்ப உடம்பை நனைச்சதும் ஷவரை மூடிடணும். சோப்புப் போட்ட பிறகு திரும்பத் திறக்கணும். வெந்நீர் வர்ற வரைக்கும் ஓடுற பச்சைத் தண்ணியை ஒரு பக்கெட்ல பிடிச்சா ஃப்ளஷுக்கு ஆகும்.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. தண்ணி தீர்றதுக்கு முன்னாடி அழுக்குத் தண்ணி டேங்க் நிறைஞ்சிடும். சிங்க், ஷவர்ல இருந்து போறது எல்லாம் கிரே டேங்க். எங்களுது 30 கேலன், ஏழரைக் குடம். அது ரொம்பினா அடுத்தது ஷவர் தரை வழியா மேல வரும். இங்கதான் நம்ம சமையல் ஒரு தனிப் பிரச்சனை. அரிசி களைஞ்ச தண்ணி, குழம்புச் சட்டி கழுவின தண்ணி, தாளிச்ச எண்ணெய், எல்லாம் உள்ள போய் நாலு நாள் வெயில்ல நின்னா என்ன ஆகும்? சிங்க் வழியா சாக்கடை நாத்தம் வரும். கஞ்சியும் எண்ணெயும் சென்சார்ல ஒட்டி, காலி டேங்க்கையே முக்கால்னு காட்டும். அதனால சட்டியை முதல்ல டிஷ்யூ பேப்பரால வழிச்சுத் துடைச்சு, அதைக் குப்பையில போட்டுட்டு, அப்புறம்தான் கழுவறது. எண்ணெய் பாட்டில்ல சேரும். வெளியில கொட்டிடலாமேன்னு தோணும். நாங்க நிக்கிற இந்த அரசு நிலத்துல அது கூடாது.

(காட்சி: வண்டியோட பக்கவாட்டுக் கதவு. கையுறை மாட்டிய கை. தடிமனான குழாய்.)

சாப்பிட்டுக்கிட்டு இருந்தா இந்தப் பகுதியைத் தள்ளிப் பாருங்க. பிளாக் டேங்க், அதாவது கக்கூஸ் டேங்க். புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு, மோட்டார்ஹோம்கள் தங்கற பார்க்ல சாக்கடைக் குழாய் மாட்டினதும் அந்த டேங்க் வால்வைத் திறந்தே விட்டுடறது. தானா போயிக்கிட்டே இருக்கும்னு நினைப்பு. தண்ணி மட்டும் போயிடும், மத்தது டேங்க் அடியில கூம்பு மாதிரி குவிஞ்சு காஞ்சு கெட்டியாயிடும். அப்புறம் கடப்பாறை போட்டாலும் வராது. வால்வு எப்பவும் மூடியே இருக்கணும். மூணுல ரெண்டு பங்காவது ரொம்பின பிறகு ஒரே தள்ளா தள்ளணும். அந்த வேகம்தான் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும்.

வரிசை முக்கியம். முதல்ல பிளாக், அது முடிஞ்சு மூடினதும் கிரே. சோப்புத் தண்ணி பின்னாடி வந்து குழாயைக் கழுவிடும். குழாய் ஆரம்பத்துல, இதோ, கண்ணாடி மாதிரி ஒரு வளைவு மாட்டியிருக்கேன் பாருங்க. உள்ள ஓடறது தெளிஞ்சா முடிஞ்சதுன்னு அர்த்தம். கடைசியா டேங்க்ல ரெண்டு மூணு பக்கெட் தண்ணி ஊத்தி வைக்கணும், காய விடவே கூடாது. குடிதண்ணிக் குழாய் வெள்ளை நிறம், அது வண்டிக்கு அந்தப் பக்க அறையில. ரெண்டும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு இருக்கவே கூடாது. இதுல நான் மடி பாக்கிற மாமிதான், சிரிச்சுக்கோங்க.

(காட்சி: கருகின சர்க்யூட் போர்டு, கையில பிடிச்சபடி.)

இது எங்க பழைய கன்வர்ட்டர், வெளியில இருந்து வர்ற கரண்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தற பெட்டி. ஏன் வச்சிருக்கேன்னா, கரண்ட்ல சோம்பேறித்தனம் வந்தா எடுத்துப் பாக்கறதுக்கு.

டாலஸ்ல தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் வீடு. "வாங்கம்மா, உங்களுக்குன்னே வாசல்ல 30 ஆம்பியர் பிளக் போட்டு வச்சிருக்கேன்"னாரு. மாட்டினோம். ரெண்டே நொடி. மைக்ரோவேவ்ல ஒரு 'டப்', அப்புறம் கருகல் வாசம். டிவி, மைக்ரோவேவ், கன்வர்ட்டர் மூணும் போச்சு. என்ன ஆச்சுன்னா, அமெரிக்க வீட்டுல துணி காய வைக்கிற மெஷினுக்கும் 30 ஆம்பியர் பிளக் உண்டு, அது 240 வோல்ட். மோட்டார்ஹோமோட 30 ஆம்பியர் பிளக் வெறும் 120 வோல்ட். வந்த எலக்ட்ரீஷியன் இதையும் அதுன்னு நினைச்சு 240 கொடுத்துட்டுப் போயிட்டாரு. அண்ணா பாவம், முகம் சுண்டிப்போச்சு. ஆனா தப்பு எங்க மேலயும்தான். கரண்டைச் சோதிச்சிட்டு அப்புறம் உள்ள விடுற பாதுகாப்புப் பெட்டி எங்ககிட்ட இருந்தது. தெரிஞ்சவங்க வீடுதானேன்னு அதை எடுக்கவே இல்லை. இப்ப எந்த பிளக்கா இருந்தாலும் முதல்ல வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர், அப்புறம் பெட்டி, அப்புறம்தான் வண்டி.

30 ஆம்பியர்னா 120 வோல்ட்ல 3,600 வாட். ஏசி ஓடுறப்ப மைக்ரோவேவும் கெய்சரும் சேர்ந்தா பிரேக்கர் விழும். 50 ஆம்பியர்னா அதை விடக் கொஞ்சம்தானே கூடுதல்னு நினைக்காதீங்க. அதுல ரெண்டு லைன் வருது, மொத்தம் 12,000 வாட்.

பிளக்கே இல்லாத இந்த மாதிரி இடத்துல பேட்டரி. எங்ககிட்ட 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம், சுமார் 2,500 வாட்-ஹவர். எல்லாரும் கிரைண்டரைப் பாத்துப் பயப்படுறாங்க. கிரைண்டர் 150 வாட், நாப்பது நிமிஷம் ஓடினா 100 வாட்-ஹவர், அவ்ளோதான். பேட்டரியைக் குடிக்கிறது இண்டக்‌ஷன் அடுப்பு. 1,800 வாட்ல அரை மணி வச்சா 900 போயிடும். அதனால அரைக்கிறது பேட்டரியில, சமைக்கிறது கேஸ்ல. ஒரு எச்சரிக்கை, உறைநிலைக்குக் கீழ லித்தியம் பேட்டரியை சார்ஜ் பண்ணக் கூடாது. உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு, போன சக்தி திரும்ப வராது. எங்க பேட்டரி அதனாலதான் கட்டில் அடியில, எங்களோட தூங்குது.

கேஸைப் பத்திச் சுருக்கமா சொல்றேன். புரோப்பேன் காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட தங்கும். அதனால கசிவு அலாரம் தரை ஓரத்துல இருக்கும், அதுக்கு முன்னாடி செருப்பைக் குவிச்சு வைக்காதீங்க. அந்த அலாரத்துக்கு ஆயுசு உண்டு, பின்னாடி தேதி போட்டிருக்கும். தாளிக்கிறப்ப கத்துறது அது இல்லை, மேல இருக்கிற புகை அலாரம். கடுகு போடறதுக்கு முன்னாடி கூரை ஃபேனைப் போட்டுடுங்க. அப்புறம் குக்கர் இல்லாம மலை ஏறாதீங்க. ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிடும், துவரம்பருப்பு திறந்த சட்டியில வேகவே வேகாது.

(காட்சி: வரைபடம். அரிசோனா.)

எங்க தங்கறது? மேற்கு மாநிலங்கள்ல மத்திய அரசோட நில மேலாண்மைத் துறை, பிஎல்எம்னு சொல்லுவாங்க, அவங்க நிலம் பரந்து கிடக்கு. பெரும்பாலான இடத்துல 28 நாள்ல 14 நாள் இலவசமா தங்கலாம், அப்புறம் தள்ளிப் போயிடணும். எவ்ளோ தூரம்னு அந்தந்த அலுவலகம் சொல்லும், 25 மைல்னு நிறைய இடத்துல இருக்கு. தண்ணி, கரண்ட், கழிப்பிடம் எதுவும் எதிர்பார்க்காதீங்க. நான் இப்ப நிக்கிற லா போசா வேற மாதிரி. இது குளிர்காலம் முழுக்க தங்கற இடம், செப்டம்பர் 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் ஒரே கட்டணம். தண்ணி பிடிக்கவும் டேங்க் காலி பண்ணவும் வசதி உண்டு. ஏப்ரலுக்கு மேல இங்க இருக்க முடியாது, வெயில் வறுத்துடும். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் மேல ஏறிட்டா பத்து டிகிரிக்கு மேல குறையும். ஏசியை நம்பாம மலையை நம்புறது எங்க வழக்கம்.

அடுத்தது விலாசம். இதை நம்ம ஆளுங்க கட்டாயம் கேக்கணும். வீடு ஓடிக்கிட்டே இருந்தாலும் லைசென்ஸுக்கு, இன்சூரன்ஸுக்கு, வரிக்கு ஒரு மாநிலம் வேணும். வண்டி வாழ்க்கைக்காரங்க பெரும்பாலும் போறது சவுத் டகோட்டா, டெக்ஸாஸ், ஃப்ளோரிடா. மூணுலயும் மாநில வருமான வரி இல்லை. கடிதத்தை வாங்கி அனுப்பற சேவைகளும் அங்க அதிகம். இன்சூரன்ஸ்ல இதுலயே முழுநேரமும் குடியிருக்கேன்னு சொல்லி எடுங்க. லீவு வண்டி பாலிசியை எடுத்துட்டு இதுல குடியிருந்தா, கிளெயிம் பண்ற அன்னைக்கு அடிபடுவீங்க.

குடியுரிமை வாங்காதவங்க விலாசம் மாறினா பத்து நாளுக்குள்ள குடிவரவுத் துறைக்குச் சொல்லணும், அது சட்டம். ஹெச்-1பி வேலை விசாவுல இருக்கிறவங்களுக்கு வேலை செய்யற இடமே மனுவுல எழுதியிருக்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மாசம் ஒரு மாநிலம்னு கிளம்பினா விசாவே சிக்கல்ல மாட்டும். வக்கீல்கிட்ட கேக்காம இதுல இறங்காதீங்க, ஆசைப்பட்டு எனக்கு எழுதற பிள்ளைங்க நிறைய பேர் இந்த நிலைமைதான். கிரீன் கார்டுக்காரங்க அட்டையைக் கையோட வச்சிருக்கணும். யூமாவுல இருந்து இங்க வர்ற யூஎஸ்-95 ரோட்டுல எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கு. பீரோவுக்குள்ள தேடிக்கிட்டு நிக்கக் கூடாது பாருங்க.

(காட்சி: டாஷ்போர்டு. ஒட்டியிருக்கிற காகிதத்துல "11 அடி 2 அங்குலம்".)

ரோட்டுக்கு வருவோம். உயரத்தை எழுதி கண்ணு முன்னாடி ஒட்டுங்க. போன் மேப்புக்கு உங்க வண்டி கார் மாதிரிதான். நியூயார்க் பார்க்வே ரோடுகள்ல பாலம் எல்லாம் தாழ்வா இருக்கும், அங்க போகவே கூடாது. கிளேஷியர் பூங்காவுல கோயிங்-டு-தி-சன் மலைப்பாதையில 21 அடிக்கு மேல நீளமான வண்டியை நடுப்பகுதியில விடமாட்டாங்க. நாங்க 27 அடி, சின்ன கார் வாடகைக்கு எடுத்துப் போனோம். பால்டிமோர் போனா இன்னொண்ணு. துறைமுகத்துக்கு அடியில போற ரெண்டு சுரங்கப்பாதையிலயும் நம்ம மாதிரி கேஸ் டேங்க் வண்டிக்கு அனுமதி இல்லை. முன்னாடி எல்லாரும் கீ பாலம் வழியா சுத்திப் போனாங்க. 2024 மார்ச் 26ல கப்பல் மோதி அது விழுந்துடுச்சு. இப்ப ஊருக்கு மேற்கால ஐ-695 சுத்துச்சாலையில வளைஞ்சுதான் போகணும்.

டயர்ல பட்டன் தேயலைன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. இந்த வண்டி நிறைய நிக்கும், அதனால தேயறதுக்கு முன்னாடி ரப்பர் வெடிச்சிடும். ஆறேழு வருஷத்துல மாத்திடுங்க. எடையும் அப்படித்தான். லாரி நிக்கிற ஸ்டாப்ல எடை மேடை இருக்கு. எங்க வண்டி அதிகபட்சம் 14,500 பவுண்ட், 6,577 கிலோ. முதல் தடவை ஏத்தினப்ப 180 கிலோ கூடுதல். பொன்னி அரிசி மூட்டை நாலு, இரும்புக் கல்லு மூணு, அவரோட புத்தகம் ரெண்டு பெட்டி. தண்ணி மட்டுமே 150 கிலோ. சண்டை போட்டு முடிவு பண்ணினோம்: புத்தகம் ஒரு பெட்டி இறங்குச்சு, அரிசி ஒரு மூட்டையா ஆச்சு, தண்ணி மூணு குடத்தோட ஓட்டிப் போய் இறங்கற ஊர்ல ரொப்பிக்கிறது. கிரைண்டர் பத்திப் பேச்சே எடுக்கலை.

வீட்டை விக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. ஜூன்ல வேண்டாம், நவம்பர்ல. பார்க்ல வேண்டாம், பிளக் இல்லாத இடத்துல. ஹோட்டல் சாப்பாடு கிடையாது, தினம் சாம்பார் வைக்கணும். டேங்க்கை ரெண்டு பேரும் ஒரு தடவை காலி பண்ணணும்.

(காட்சி: வண்டி கிளம்பத் தயார். அவர் சீட்ல, நான் பின்னாடி. குரல் மட்டும்.)

"கேஸ்?"

"மூடியாச்சு."

"டேங்க் வால்வு?"

"ரெண்டும் மூடியாச்சு, இழுத்துப் பாத்தேன்."

"படி?"

"உள்ள."

"கூரை ஃபேன்?"

"இருங்க... இப்ப மூடிட்டேன்."

"கிரைண்டர் கல்லு?"

"கழட்டி, துணி சுத்தி, தரையில வச்சாச்சு. போங்க."