மூன்றாம் வகுப்புக்குப் பதினொன்றரை மணி

பட்டிமன்றத் தலைப்பு: அரசுப் பள்ளிகள் உயர இன்று பெரிதும் தேவைப்படுவது கூடுதல் வேலை நாட்களா, கூடுதல் நிதியா? ‘கூடுதல் நிதியே’ என்னும் அணியின் உரை.

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், நாளை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கவலையோடு இந்த இரவில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். கொடுத்திருக்கும் நேரம் குறைவு என்பதால் பட்டங்களையும் அடைமொழிகளையும் விட்டுவிட்டு நேரே பொருளுக்கு வருகிறேன்.

எதிரணியின் முதல் பேச்சாளர் சட்டப் புத்தகத்தோடு வந்தார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 பாட மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் 1,000 மணி நேரமும் குறையக் கூடாது என்று சொல்வதை வாசித்தார். தமிழ்நாட்டில் 2024-25ஆம் கல்வியாண்டுக்கு 220 நாட்கள் என்று நாட்காட்டி வந்ததையும், சனிக்கிழமைகளில் வகுப்பா என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்த பிறகு அது 210 ஆனதையும் சொல்லி, ‘அந்தப் பத்து நாட்களை விழுங்கியது யார்?’ என்று கேட்டார்; ஆண்டுக்கு இருபது நாட்களைக் கூட்ட வேண்டும் என்றார். அதுவரை அவர் பேசியது வாதம். அதன் பிறகுதான் எங்கள் அணியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

‘இவர்கள் பள்ளிக்கூடம் நடத்தக் காசு கேட்கவில்லை, கல்யாண வீட்டுக்குச் செலவுக் கணக்கு எழுதுகிறார்கள். பந்தல் வேண்டுமாம், பாய் வேண்டுமாம், சமையற்கட்டு வேண்டுமாம், சுற்றுச்சுவர் வேண்டுமாம். தாலி கட்ட இதெல்லாம் எதற்கு? முகூர்த்த நேரம் ஒன்று போதாதா?’ என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர்கூடச் சிரித்தார். நானும் கைதட்டினேன்; நல்ல நகைச்சுவையை எதிரணி சொன்னது என்பதற்காக வீணாக்கக் கூடாது.

நல்லது, கல்யாணம் என்றே வைத்துக்கொள்வோம். முகூர்த்தம் 210 நாள் மட்டும் இல்லை, 365 நாளும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மண்டபத்தில் ஐந்து மணமேடை. ஐந்து மணமக்கள் மாலையோடு காத்திருக்கிறார்கள். மந்திரம் சொல்லப் புரோகிதர் ஒருவர். அவர் முதல் மேடையில் ஓமம் வளர்த்துவிட்டு, மூன்றாம் மேடைக்கு ஓடித் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் மேடையில் அட்சதை போட வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். இரண்டாம் மேடை மாப்பிள்ளை, ‘ஐயா, எங்களுக்கு?’ என்று கேட்டால், ‘உங்களுக்கும் இதே முகூர்த்தம்தானே, பத்திரிகையில் அச்சடித்திருக்கிறதே’ என்று எதிரணி பதில் சொல்லும்.

இது கற்பனை என்று நினைக்க வேண்டாம். என் உறவில் ஒருவர் கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஐந்து வகுப்புகளுக்கும் தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே பேர். மழைக்காக மாவட்ட ஆட்சியர் விட்ட விடுமுறையை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்திருந்தார்கள். (ஆட்சியர் விடுமுறைச் செய்தியை நம் பிள்ளைகள் எவ்வளவு பக்தியோடு எதிர்பார்ப்பார்கள் என்பதும், ஈடுகட்டும் சனிக்கிழமையை எவ்வளவு பக்தியில்லாமல் எதிர்கொள்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.) அன்று தலைமையாசிரியர் பள்ளியில் இல்லை. எங்கே போனார் என்றால், பள்ளி விடுபட்ட நாட்களை முறையாக ஈடுகட்டிவிட்டது என்ற அறிக்கையைக் கொடுக்க வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார். ஆகவே ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம். அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி பார்வைக்கு வந்தார். முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம், ‘இப்ப என்ன பாடம் நடக்குதும்மா?’ என்று அன்பாகக் கேட்டார். அவள் எழுந்து நின்று, ‘எங்களுக்கு நடக்கலைங்க சார். இப்ப அஞ்சாம் வகுப்புக்கு நடக்குதுங்க. எங்களுக்குப் பதினொன்றரைக்குங்க’ என்றாள்.

பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோல எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னாளாம்.

அதிகாரி விடவில்லை. ‘அதுவரைக்கும் நீ என்ன பண்ணுவே?’ என்று கேட்டார். ‘சும்மா இருக்க மாட்டேங்க சார். ஒண்ணாம் வகுப்பைப் பாத்துக்குவேங்க’ என்றாள். நடுவர் அவர்களே, அன்று அந்தப் பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கை ஒன்று இல்லை, ஒன்றரை. அந்த அரை ஆசிரியருக்கு வயது எட்டு. பணிநியமன ஆணையும் கிடையாது, ஊதியமும் கிடையாது.

இதே காட்சியை அதிகாரியின் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். அவர் கையில் ஒரு படிவம். பள்ளி திறந்திருந்ததா? ஆம். வருகைப் பதிவேடு எழுதப்பட்டதா? ஆம். ஈடுசெய்யும் நாள் முழுமை பெற்றதா? ஆம். மூன்று இடத்திலும் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர்மீது குற்றமில்லை. பள்ளி எத்தனை நாள் திறந்திருந்தது என்று அந்தப் படிவம் கேட்டது. ஒரு குழந்தைக்கு எத்தனை மணி நேரம் பாடம் கிடைத்தது என்று கேட்பதற்கு அதில் கட்டமே இல்லை. எதிரணியின் வாதத்திலும் அந்தக் கட்டம் இல்லை.

எதிரணி நண்பர் வாசித்த அதே சட்டத்தின் அட்டவணைக்கு வருகிறேன். வேலை நாட்கள் அதில் மூன்றாவது இனம். முதல் இனத்தில் ஆசிரியர் எண்ணிக்கையும், இரண்டாவது இனத்தில் கட்டடமும் இருக்கின்றன. எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், மதிய உணவுக்குச் சமையற்கட்டு, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர். அவர் கல்யாணச் செலவு என்று கேலி செய்தாரே, அந்தப் பட்டியல் நாங்கள் எழுதியது இல்லை, நாடாளுமன்றம் எழுதியது. ஒன்றையும் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றிலிருந்து வாசிக்கத் தொடங்கியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

முதல் இனம் என்ன சொல்கிறது தெரியுமா? தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர் என்பதே சட்டம் அனுமதிக்கும் அளவு. இரண்டு ஆசிரியர்களின் 800 மணி நேரத்தை ஐந்து வகுப்புகளுக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு 320 மணி நேரம் கிடைக்கும். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ அறிக்கை கொடுக்கவோ போய்விட்டால் 160. எதிரணி கேட்பதுபோல 20 நாட்களைக் கூட்டினால், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று 80 மணி நேரம் கூடும். ஒற்றை ஆசிரியர் அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 16 மணி நேரம். அதே பள்ளிக்கு இன்னோர் ஆசிரியரைக் கொடுத்துப் பாருங்கள். நாட்காட்டியில் ஒரு சனிக்கிழமையையும் தொடாமல் ஒவ்வொரு வகுப்புக்கும் 160 மணி நேரம் கூடும். வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துக் கற்பிக்கும் முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல ஆசிரியர் கையில் அது பலனும் தரும். ஆனால் அதை ஊதியத்தை மிச்சம் பிடிக்கும் வழியாக்கக் கூடாது.

காசு குறைந்தால் நாள் தானாகவே குறையும் என்பதற்கு உலகத்தில் சான்று உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் விதி ஏறத்தாழ 180 நாட்கள் என்பது. ஆனால் மிசூரி, ஒக்லஹோமா, கொலராடோ போன்ற மாநிலங்களில் பல கிராமப்புறப் பள்ளி நிர்வாகங்கள், செலவைக் குறைக்கவும் குறைந்த சம்பளத்துக்கு வராத ஆசிரியர்களைக் கவரவும் வாரத்துக்கு நான்கே நாட்கள் பள்ளி நடத்துகின்றன. பின்லாந்தில் பள்ளி ஆண்டு 190 நாட்களைத் தாண்டாது; ஆனால் அங்கே 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம்.

அவ்வளவு தூரம் போகாமல் நம் வரலாற்றையே பார்ப்போம். 1953இல் ராஜாஜியின் அரசு, சென்னை மாநிலத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கான பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாக்கிப் பள்ளியை இரண்டு வேளைகளாகப் பிரித்தது. இருக்கிற கூரையும் இருக்கிற ஆசிரியரும் போதும், நேரத்தை மாற்றினால் இன்னும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது யோசனை. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ‘பார்த்தீர்களா, நேரத்தைக் குறைத்ததால்தானே எதிர்த்தார்கள்’ என்று எதிரணியில் ஒருவர் குறிப்பெடுப்பது தெரிகிறது. எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வரியையும் சேர்த்து எழுதுங்கள். காமராசர் மூன்று மணி நேரத்தை நீட்டியதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பொதுமக்கள் பள்ளிக்கு வேண்டிய பொருள்களை அள்ளிக் கொடுத்தார்கள். நேரத்தைக் கடிகாரத்தில் திருத்தலாம். அந்த நேரத்தில் பிள்ளையைப் பள்ளிக்குள் உட்கார வைத்தது செலவு.

ஒன்றிய அரசு அமைத்த கல்விக் குழுவான கோத்தாரிக் குழுவை எதிரணி மேற்கோள் காட்டியது. 1966இல் அக்குழு பள்ளிகளுக்கு ஏறத்தாழ 39 வாரம் வகுப்பு நடக்க வேண்டும் என்றது உண்மை. நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றதும் அதே குழுதான். 1968, 1986, 2020 என மூன்று தேசியக் கல்விக் கொள்கைகள் அந்த ஆறை எழுதிவைத்தன, இன்றுவரை எட்டவில்லை.

கட்சி அரசியல் பேச இந்த மேடை இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் ஏற்க வேண்டும். 2024-25இல் ஒன்றிய அரசின் இன்னொரு திட்டமான பி.எம். ஸ்ரீ என்னும் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், அந்த 60 விழுக்காட்டுப் பங்கான ரூ.2,152 கோடி வராமல் நின்று, 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். பணம் நின்ற அந்த ஆண்டில், கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 200 நாள் விதி ஒரு நாளாவது தளர்ந்ததா?

இன்னொன்று, நாளும் காசும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் இடம். 2012இல் நம் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி கற்பிக்கப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாட்கள் வேலை. மே மாதம் பள்ளி இல்லை என்பதால் மே மாதத்துக்கு ஊதியமும் இல்லை. பல ஆண்டுகளாக அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டுப் போராடினார்கள். வேலை நாட்களைக் கூட்டச் சொல்லும் அன்பர்களே, பள்ளி நாளை மட்டுமே எண்ணிச் சம்பளம் கொடுத்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அவர்களிடம் கேளுங்கள். மே மாதத்திலும் பசிக்கும் என்று சொல்வார்கள்.

மறுபடியும் அந்தக் கல்யாணத்துக்கே வருகிறேன்; என்னால் அதை விட முடியவில்லை. பள்ளிக்கூடத்தைக் கல்யாண வீடாக்குகிறோம் என்று கேலி செய்தவர், நம் ஊர்களில் நடக்கும் கல்விச் சீரைப் பார்த்ததில்லையா? மேளதாளம் முன்னே போக, பெண்கள் தாம்பூலத் தட்டுகளை ஏந்தி வர, தட்டில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் சுவர்க் கடிகாரமும், பின்னால் ஆண்கள் தோளில் நாற்காலியும் மின்விசிறியும் பீரோவுமாக ஊர்வலம் போய்ப் பள்ளியில் இறக்கி வைப்பார்கள். அந்தத் தட்டைச் சுமக்கும் அக்கா, காலையில் களையெடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவர். அவர் பிள்ளை படிக்கும் அறைக்கு மின்விசிறி வாங்கித் தர வேண்டிய அரசிடம் கேட்காமல், கூலிப் பணத்தில் வாங்கிக்கொண்டு வருகிறார். அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். அதே நேரத்தில் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. தாய்மாமன் செய்ய வேண்டிய சீரை அக்கம்பக்கத்தார் செய்து கல்யாணத்தை நடத்திக்கொடுத்தால், ஊர் யாரை வாழ்த்தும், யாரைக் கேட்கும்?

கடைசியாக அவர் கேலி செய்த சமையற்கட்டு. அதே பள்ளியில், அதே ஆசிரியையிடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு சிறுவன் வந்து, ‘டீச்சர், நாளைக்கு ஸ்கூல் வைப்பீங்களா?’ என்று கேட்டிருக்கிறான். சனிக்கிழமைப் பள்ளியைப் பிள்ளைகள் விரும்புவதில்லையே என்று அவருக்கு ஆச்சரியம். ‘ஏன்டா, படிக்க அவ்வளவு ஆசையா?’ என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, ‘இல்ல டீச்சர், நாளைக்கு வச்சா முட்டை போடுவாங்களான்னு கேட்டேன்’ என்றான்.

எதிரணி கைதட்டத் துடிப்பது புரிகிறது. பிள்ளையே கூடுதல் நாள் கேட்கிறான் என்பீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், தர்க்கத்தில் அந்தப் புள்ளி உங்களுக்கே போகட்டும். நானும் பிள்ளை பெற்றவன். அந்தச் சிறுவன் கேட்டதை ஆசிரியை சொல்லக் கேட்ட பிறகு தர்க்கம் பேச எனக்கு வாய் வரவில்லை. காமராசர் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவாகத் தொடங்கியதும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான். அந்த அடுப்பை நாட்காட்டி எரியவிடாது. அரிசிக்கும் பருப்பிற்கும் சமைக்கும் அம்மாவின் சம்பளத்துக்கும் ஒதுக்கும் பணம்தான் எரியவிடும்.

எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து பேச வருபவரிடம் ஒரே கேள்வி. நீங்கள் கேட்கும் இருபது நாட்களும் கிடைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமிக்குப் பாடம் எத்தனை மணிக்கு? ஒன்பதரைக்கு என்று உங்களால் பதில் சொல்ல முடிந்தால் நானே எழுந்து உங்கள் அணிப் பக்கம் வந்து அமர்கிறேன். முடியாவிட்டால், நடுவர் அவர்களே, கூடுதல் நிதியே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.