நம்ம உடம்புக்கு ஒட்டாதுங்க!

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுப் பக்கம் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற ஜோதிஸ் மையத்தில் ஆலோசகராக இருந்தவள் நான். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். அந்த வரிசையிலிருந்து ஒரு ஓட்டுநர் அண்ணன் பரிசோதனைக்கு வந்தார்.

"என்கூடத் திரிஞ்ச ரெண்டு பேருக்கு வந்துருச்சுங்க மேடம். எனக்கு வரலை. நம்ம உடம்புக்கு அது ஒட்டாதுங்க" என்றார்.

சிரித்துவிட்டு விடக்கூடிய பேச்சில்லை அது. ஒட்டாத உடம்பு உலகத்தில் உண்டு. அவருக்குத் தெரிந்த செக்போஸ்ட்டை வைத்தே சொன்னேன். இந்தக் கிருமி நம் வெள்ளை அணுவுக்குள் நுழைய இரண்டு கவுண்டரில் சீல் வாங்க வேண்டும். முதல் கவுண்டர் சிடி4. இரண்டாவது பெரும்பாலும் சிசிஆர்5. இந்த இரண்டாவதைக் கட்டுகிற மரபணுவில் சிலருக்கு 32 டி.என்.ஏ. எழுத்து விடுபட்டிருக்கிறது, 1996இல் கண்டுபிடித்தார்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் அந்தக் குறை வந்தால் கவுண்டரே இருக்காது. கிருமி வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். ஒரு வழியில் மட்டும் வந்தவர்களுக்கு நோய் தொற்றும், ஆனால் முற்றுவது மெதுவாக நடக்கும்.

பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கர் திமோதி பிரவுனுக்கு எச்.ஐ.வி.யும் ரத்தப் புற்றுநோயும் இருந்தன. 2007இல், இப்படி இரண்டு வழியிலும் குறை உள்ள ஒருவரின் ஸ்டெம்செல்லை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களை, அவருக்குச் செலுத்தினார்கள். கிருமி போனது போனதுதான். 2020இல் அவர் இறந்தது திரும்பி வந்த புற்றுநோயால்.

இரட்டைக் குறை உள்ளவர்கள் வடக்கு ஐரோப்பாவில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள். நம் நாட்டில் மிக மிக அரிது. இருந்தாலும் முழுக் காப்பு என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கவுண்டரான சிஎக்ஸ்சிஆர்4 வழியாகப் புகுகிற கிருமி வகையும் உண்டு. இன்னொன்று: கேரளத்தில் அவ்வப்போது தலைகாட்டும் வெஸ்ட் நைல் காய்ச்சல் இப்படிப்பட்டவர்களைத்தான் கூடுதலாக வாட்டும். எழுத்து குறைந்தால் எல்லாமே லாபம் என்றில்லை.

நோய் எதிர்ப்புக்கு உதவுகிற எச்.எல்.ஏ. என்ற மரபணுக்களும் இருக்கின்றன. அவற்றில் பி57, பி27 வகை உள்ள சிலர் மருந்தில்லாமலே பல வருடம் தாக்குப்பிடிப்பார்கள். தொற்றை அது தடுக்காது.

பிறகு ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குத் தொற்று, மனைவிக்கு இல்லை. "எம் மருமக ராசிங்க" என்றார் மாமியார். எனக்கு ராசியிலும் நம்பிக்கை வரவில்லை, மரபணுவிலும் வரவில்லை. எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைக்கான கணவரின் அட்டையைப் பார்த்தேன்; ஒரு நாள் மாத்திரை தவறவில்லை. ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தென்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே இருந்துவிட்டால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. அந்தப் பெண்ணைக் காத்தது அவர் தினமும் விழுங்கிய மாத்திரை.

ஓட்டுநர் அண்ணன் கதைக்கு வருகிறேன். அவருக்குத் தொற்று இல்லை. புதுத் தொற்று உடனே பரிசோதனையில் தெரியாது என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னேன்.

"அப்ப அந்த 32 எழுத்து எனக்குக் குறையலைங்களா?"

"நம்ம ஊர்க்காரங்களுக்குக் குறையறது அபூர்வம்ங்ண்ணா. உங்களுக்கும் முழுசாத்தான் இருக்கும்."

"முழுசா இருக்கறதும் தப்பாப் போச்சே!" என்று தலையில் தட்டிக்கொண்டு, மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து ஆறு ஆணுறை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.