ஆண் நாய்க்கு யூரின் போற இடத்துல இருந்து ரத்தம் சொட்டுதா? ப்ராஸ்டேட்டை யாராவது தொட்டுப் பார்த்தாங்களா?

(காட்சி: தரையில நாய் படுத்து எந்திரிச்ச இடம், ஒரே ஒரு ரத்தச் சொட்டு)

இந்தச் சொட்டை நல்லா பாருங்க. இது யூரின் போன இடம் இல்ல, பையன் தூங்கி எந்திரிச்ச இடம். எந்திரிச்சு ஒரு ஓரமா உக்காந்து நக்கிட்டே இருக்கான், மத்தபடி சாப்பாடு ஓட்டம் எல்லாம் எப்பவும் போலத்தான். உடனே யூரின் இன்ஃபெக்‌ஷன்னு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க, ரத்தம் நிக்கும், அப்பாடான்னு விட்டுடுவோம், ரெண்டு மாசத்துல மறுபடி அதே சொட்டு, மறுபடி அதே மாத்திரை. எங்க வீட்டுல இருந்தவனுக்கு இப்படியே மூணு ரவுண்டு போச்சு, நாலாவதா பார்த்த டாக்டர்தான் முதல் வேலையா க்ளவ்ஸ் எடுத்து மாட்டினார்.

விஷயம் என்னன்னா, ப்ராஸ்டேட்ங்கிற சுரப்பி வீங்கினா வர்ற ரத்தம் சில சமயம் தானா வரும், தானா நிக்கும். நல்ல பேரு மாத்திரைக்குப் போயிடும், அவ்ளோதான்.

(காட்சி: நாயோட இடுப்புப் பகுதி, பக்கவாட்டுப் படம்)

மூத்திரப்பையோட வாய்கிட்ட, யூரின் குழாயைச் சுத்தி ரெண்டு மடலா இருக்கு பாருங்க, அதான் ப்ராஸ்டேட். அதுக்கு நேர் மேல மலக்குடல். மனுஷங்களுக்கு இது பெருசானா யூரின் குழாயை நெருக்கும், தாத்தாமார் ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறது அதனாலதான். நாய்க்குப் பெரும்பாலும் வெளிப்பக்கமா உப்பும், அதனால மலக்குடல்தான் நசுங்கும். யூரின் நல்லாத்தான் போகுது ஆனா மோஷனுக்கு உக்காந்தா முக்கிக்கிட்டே இருக்கான், வர்றதும் ரிப்பன் மாதிரி தட்டையா வருதுன்னா மலச்சிக்கல்னு நினைச்சுக்காதீங்க, அதை ஒரு போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, அசிங்கம்லாம் ஒண்ணும் இல்ல, அவங்க அதைவிட மோசமானதெல்லாம் பார்த்தவங்க.

டாக்டர் கேக்குற கேள்வியிலேயே ரொம்ப முக்கியமானது, விரை எடுத்தாச்சா இல்லையா? பாதி கேஸ் இதுலயே பிரிஞ்சிடும்.

எடுக்காத நாய்னா, டெஸ்டோஸ்டீரோன்ல இருந்து உருவாகுற டிஎச்டிங்கிற ஹார்மோன் அந்த சுரப்பியை வளர்த்துக்கிட்டே இருக்கும். 2, 3 வயசுலயே ஆரம்பிச்சு, 5, 6 வயசுல பாதி நாய்களுக்கு இருக்கும், 9 வயசு தாண்டினா கிட்டத்தட்ட எல்லாத்துக்கும். இது கேன்சர் இல்ல, சாதா வீக்கம், நிறைய நாய்க்கு எந்தத் தொந்தரவும் குடுக்காது. விரை எடுத்த நாய்க்கு கதையே வேற, அதுக்கு ப்ராஸ்டேட் சுருங்கிப்போய் இருக்கணும். எப்பவோ ஆபரேஷன் ஆன வயசான நாய்க்கு அது பெருசா இருக்குன்னா, இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும் கேன்சர்னுதான் வச்சுக்கணும். விரை எடுத்தா ப்ராஸ்டேட் கேன்சர் வராதுன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு, அது தப்பு.

(காட்சி: க்ளவ்ஸ், ஜெல்)

அடுத்தது விரல். பின்பக்கமா ஒரு விரல் உள்ள போகும், இன்னொரு கை அடிவயித்துல இருந்து இடுப்பெலும்பு பக்கமா தள்ளிக் குடுக்கும், ஏன்னா பெருசான ப்ராஸ்டேட் எடை தாங்காம முன்னாடி வயித்துக்குள்ள சரிஞ்சு நிக்கும், தள்ளலைன்னா விரலுக்கு எட்டாது. ரெண்டு மடலும் ஒரே அளவு, நடுவுல பள்ளம் தெரியுது, அமுக்கினா பேசாம நிக்கிறான், அப்போ சாதா வீக்கமா இருக்கலாம். தொட்ட உடனே துள்ளுறான், காய்ச்சல் அடிக்குது, பின்னங்காலை விறைப்பா வச்சு நடக்குறான்னா கிருமித் தொற்று, சீழ் கூட கட்டியிருக்கலாம். கல்லு மாதிரி கெட்டியா, மேடும் பள்ளமுமா, அசைச்சா அசையாம ஒட்டிக்கிட்டு இருக்குன்னா அதுதான் பயப்படவேண்டிய வகை. ஆனா விரல் சொல்றது ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு இல்ல.

யூரின் டெஸ்ட்டுக்கு கிண்ணத்துல பிடிச்ச யூரினைவிட வயித்து வழியா ஊசி போட்டு மூத்திரப்பையில இருந்து நேரா எடுக்குறதுதான் நல்லது, வெளிக்கிருமி கலக்காது. அதை கல்ச்சர் போட்டா, அதாவது லேப்ல கிருமியை வளர்த்துப் பார்த்தா, என்ன கிருமின்னு தெரியும், அதிகமா மாட்டுறது ஈகோலைங்கிற பாக்டீரியா. தொற்றுதான்னு உறுதியானா மருந்து 4ல இருந்து 6 வாரம் போகும், ப்ராஸ்டேட்டுக்குள்ள எல்லா ஆன்டிபயாட்டிக்கும் சுலபமா இறங்காது. இப்ப புரியுதா அந்த ஒரு வார மாத்திரை ஏன் வேலைக்கு ஆகலைன்னு. இனப்பெருக்கத்துக்கு விடுற நாய்னா ப்ருசெல்லாங்கிற கிருமிக்கு ரத்த டெஸ்ட்டும் கண்டிப்பா பாக்கணும், அந்தக் கிருமி மனுஷங்களுக்கும் ஒட்டும்.

எக்ஸ்ரேல ஒரு கணக்கு இருக்கு. பக்கவாட்டுப் படத்துல, முதுகெலும்பு இடுப்போட சேர்ற இடத்துல இருக்குற சேக்ரம் எலும்போட முன் நுனிக்கும், கீழ இருக்குற இடுப்பெலும்போட முன் விளிம்புக்கும் நடுவுல உள்ள தூரத்துல 70 சதவீதத்தை ப்ராஸ்டேட் தாண்டினா, அது பெருசுன்னு அர்த்தம். ஆனா உள்ள என்ன இருக்குன்னு காட்டுறது அல்ட்ராசவுண்ட்தான், நீர்க்கட்டி கருப்பு ஓட்டையா தெரியும். விரை எடுத்த நாய்ல சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையா தெரிஞ்சா ரொம்ப கெட்ட அறிகுறி, கேன்சர் பரவியிருக்கான்னு உடனே நிணநீர் முடிச்சு, முதுகெலும்பு, நுரையீரல் எல்லாம் பாக்கணும்.

மனுஷங்களுக்கு ப்ராஸ்டேட்டுக்காக எடுக்குற பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் நாய்க்கு உதவாது, வீணா கேக்காதீங்க. நாய்க்குன்னு சிபிஎஸ்இ (CPSE)ன்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது சாதா வீக்கத்தைச் சொல்லும், கேன்சரைப் பிரிச்சுக் காட்டாது. கேன்சருக்கு யூரின்லயே பிராஃப் (BRAF)ங்கிற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு தேடலாம், இருந்தா கிட்டத்தட்ட கேன்சர்தான், இல்லைன்னா கேன்சர் இல்லைன்னு ஆகிடாது. அப்பவும் முடிவா சொல்றது ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசியில எடுக்குற செல் சாம்பிளோ, சின்ன சதைத்துண்டு எடுத்துப் பாக்குற பயாப்ஸியோதான், சீழ் கட்டின இடத்துல மட்டும் ஊசி வைக்க டாக்டர் ரெண்டு தடவை யோசிப்பாங்க, உள்ள கசிஞ்சா ஆபத்து.

சரி, சாதா வீக்கம்னு முடிவாகி, அதுக்கு வைத்தியமா விரையும் எடுத்தாச்சு. ஒரு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேனுக்கு வரச்சொன்னா, காசுக்குன்னு நினைச்சு போகாம இருந்துடாதீங்க. 3 வாரத்துலயே அது பாதியா சுருங்கியிருக்கணும். சுருங்கலைன்னா சாதா வீக்கம்னு முதல்ல நாம வச்ச பேரே தப்பு, ஊசி சாம்பிள்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.