கிணறு கேட்ட கேள்வி

வணக்கம் நேயர்களே. முப்பது வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத மிகச்சிறு துகளான நியூட்ரினோ என்றாலே எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் அதைப் பிடித்துக் காட்டியவர்களில் நம் நாட்டு விஞ்ஞானிகளும் உண்டு. அந்த வரிசையில்தான் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டத் திட்டமிட்டார்கள். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி.

அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து திண்ணையில் சாய்ந்தேன். வாத்தியார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல, ஓர் ஆத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மலையைக் குடைஞ்சா எங்க கிணத்துத் தண்ணி எங்கிட்டுப் போகும் தம்பி?"

நான் ஆரம்பித்தேன். நியூட்ரினோ சூரியனிலிருந்து வருகிறது ஆத்தா, இந்த நிமிடம்கூட உங்கள் உடம்புக்குள் கோடி கோடியாகப் புகுந்து போகிறது, ஒன்றும் செய்யாது என்று பத்து நிமிடம் பாடம். வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டார்.

"அது சரி தம்பி. கிணறு?"

எனக்குத் தெரியவில்லை. பாறை விரிசல் எப்படி ஓடுகிறது, வெடி வைத்தால் ஊற்று திரும்புமா, இதெல்லாம் நிலத்தடி நீர் படித்தவர் சொல்ல வேண்டியது. அவர் கேட்டது தண்ணீர், நான் சொன்னது நியூட்ரினோ. 'ஜனங்களுக்கு அறிவியல் புரியவில்லை' என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

இப்படிப்பட்ட கேள்வியைப் பதிவு செய்யத்தான் கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னாலேயே தெரிவிக்க வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். ஆனால் கட்டட வகைத் திட்டங்களுக்கு இந்தக் கூட்டம் கட்டாயமில்லை. பொட்டிபுரத்துக்கு 2018-இல் அனுமதி கொடுத்தது அந்த வகையில்தான். மலைக்குள் 2 கிலோமீட்டர் போகிற சுரங்கம், காகிதத்தில் கட்டடம்!

நம்ம மேலூர்ப் பக்கமும் பார்த்தோமே. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத் திட்டம். ஏலம் முடிந்த பிறகு ஊர் திரண்டது, 2025 ஜனவரியில் ரத்தானது. கேட்பதை ஏலத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம், இல்லையா?

முன்னால் கேட்டதும் உண்டு. பி.டி. கத்தரிக்காய், அதாவது பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய கத்தரிக்காய், 2010. ஏழு நகரங்களில் விவசாயியும் விஞ்ஞானியும் ஒரே அரங்கில் மல்லுக்கட்டினார்கள், விதை கடைக்கு வருமுன்பே பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. அதை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எடுத்து வந்தேன், ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். திண்ணையிலேயே நேரத்தை விட்டுவிட்டேன். வணக்கம்.